குடியால் கெட்ட கல்லீரல்: புது வைத்தியம் என்கிறார்களே, எதை நம்புவது?

ஒரத்தநாட்டான்

எல்லாருக்கும் வணக்கம். தாய்மாமா தஞ்சாவூர் மெடிக்கலில் படுத்திருக்கிறார். வயது 44, அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். சம்பா அறுப்பு நடக்கும்போது தினமும் ஒரு குவார்ட்டர், கூலி கூடக் கிடைத்த நாளில் இரண்டு. தை கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, காய்ச்சலும் வந்தது. 'தீவிர ஆல்கஹாலிக் ஹெப்படைட்டிஸ்', அதாவது குடியால் வந்த கடுமையான கல்லீரல் அழற்சி என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 18. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுக்க யோசிக்கிறோம், அதற்கு முன்னால் உடம்பில் எங்காவது கிருமி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

இதற்கிடையில் வீட்டு வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொன்று அனுப்புகிறார்கள். டெல்லியில் மலத்தை மாற்றி வைத்துப் பிழைக்க வைக்கிறார்களாம். அமெரிக்காவில் ஊசி வந்துவிட்டதாம். உடம்பு இளைக்கப் போடும் ஊசியே குடியையும் நிறுத்திவிடும் என்கிறார் சென்னைச் சித்தப்பா. அத்தை கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வார்டு வாசலில் நிற்கிறார். இதில் எது நிஜம், எது இங்கே கிடைக்கும், எதற்காகக் கடன் வாங்கி ரயில் ஏறலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'குடிச்சான், அனுபவிக்கிறான்' என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போங்கள்.

பழைய கம்பவுண்டர், கும்பகோணம்

தம்பி, வைத்தியத்தைப் பற்றி டாக்டர்கள் யாராவது வந்து எழுதுவார்கள். 'தினமும் ஒரு குவார்ட்டர்தானே' என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள், அந்தக் கணக்கை மட்டும் நான் போட்டுக் காட்டிவிடுகிறேன். குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி, எடையில் 60 கிராம். நம் நாட்டுக் கணக்கில் 10 கிராம் ஒரு டிரிங்க். ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க் ஆகிறது. ஆண்களுக்கு ஆபத்து ஆரம்பிக்கும் அளவைவிட இது ரொம்ப மேலே.

பீர்தானே என்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 8 சதவீதம் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 41 கிராம் இருக்கிறது. இரண்டு பாட்டில் உள்ளே போனால் குவார்ட்டரைத் தாண்டியாச்சு. கல்லீரலுக்குப் பாட்டிலின் கலர் தெரியாது.

வெண்ணாறு

நான் திருச்சியில் கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன். உங்கள் மாமாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இது கொடுங்கள், அது கொடுங்கள் என்று எழுத மாட்டேன். பொது நிலவரம் சொல்கிறேன்.

முதலில் ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம், 28 நாள். பழைய வைத்தியம்தான். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய 1978-லிருந்து மேட்ரி கணக்கு இருக்கிறது. ரத்தம் உறையும் நேரம் இயல்பைவிட எத்தனை விநாடி கூடியிருக்கிறதோ அதை 4.6-ஆல் பெருக்கி, அதோடு பிலிருபினைக் கூட்ட வேண்டும். 32-ஐத் தொட்டால் தீவிரம். பிலிருபின் 18 உள்ளவருக்கு உறைநேரம் 4 விநாடி கூடினாலே 36-க்கு மேல் போய்விடும். தீவிரம் என்று எழுதினது சும்மா இல்லை.

ஆனால் அந்த மருந்தால் எவ்வளவு லாபம்? பிரிட்டனில் 1,100 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 28 நாளில் ஸ்டீராய்டு வாங்கியவர்களில் நூற்றுக்கு 14 பேர் இறந்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 17 பேர். மூன்று மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப் பார்த்தால் அந்தச் சின்ன வித்தியாசமும் இல்லை. கடுமையான தொற்று மட்டும் ஸ்டீராய்டு பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடவே சோதித்த பென்டாக்ஸிஃபிலின் என்ற மருந்து எதற்கும் உதவவில்லை. இன்னும் சில சீட்டுகளில் அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அதனால்தான் உங்கள் டாக்டர் கிருமியைத் தேடுகிறார். காசநோய், ஹெப்படைட்டிஸ் பி எல்லாம் பார்ப்பார். வயிற்று நீரை ஊசியில் எடுத்துச் சோதிப்பார்கள், தடுக்காதீர்கள். 'தண்ணி எடுத்தா ஆள் போயிடுவான்' என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார். சோதிப்பதற்காக எடுப்பது கொஞ்சம்தான். அதில் கிருமி இருப்பது தெரியாமல் விட்டால்தான் ஆபத்து.

ஸ்டீராய்டு ஆரம்பித்தால் ஏழாம் நாள் லீல் என்றொரு கணக்குப் போடுவார்கள். 0.45-ஐத் தாண்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள், நிறுத்திவிட வேண்டும். 2007-ல் பிரான்ஸிலிருந்து வந்த கணக்கு இது. என்னைக் கேட்டால் ஸ்டீராய்டு விஷயத்தில் வந்த நல்ல மாற்றமே இதுதான். வேலை செய்யாத மருந்தை 28 நாளும் ஓட்டாமல் ஏழே நாளில் தெரிந்துகொள்கிறோம்.

ஒரத்தநாட்டான்

ரொம்ப நன்றி டாக்டர். ஒரு சந்தேகம். மாமா குடியை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் மஞ்சள் வந்தது. 'திடீர்னு நிறுத்தினதாலதான் காமாலை, கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிருக்கணும்' என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள்.

வெண்ணாறு

எல்லா ஊரிலும் இதைச் சொல்கிறார்கள், பார்த்த வரிசையை வைத்துச் சொல்வதால் கேட்க நியாயமாகவும் இருக்கிறது. கடைசிக் குடிக்குப் பிறகு 60 நாள்வரை இந்தக் காமாலை தலைகாட்டலாம் என்று நோயின் வரையறையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் உடம்பு முடியாமல் போய், பசி செத்துத்தான் ஆள் குடியை நிறுத்துகிறார். காமாலை அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. மறுபடி ஊற்றிக் கொடுத்தால் முடிந்தது கதை.

சித்தர்வழி, திருவையாறு

அத்தையை ஏன் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள்? காமாலைக்குக் கீழாநெல்லி நம் பாட்டன் காலத்து மருந்து. வெள்ளைக்காரன் ஆய்விலும் வந்திருக்கிறது.

வெண்ணாறு

ஐயா, வெள்ளைக்காரன் மட்டும் செய்யவில்லை, நம்ம சென்னையில் செய்தது அது. தியாகராஜன் குழுவும், நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஹெப்படைட்டிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தபோது அதே பலன் வரவில்லை. அதைவிட முக்கியம், அது வைரஸுக்கான ஆய்வு. குடியால் வந்த காமாலை வேறு நோய். கண் மஞ்சளாவது இரண்டுக்கும் பொது, அவ்வளவுதான்.

வைரஸ் காமாலை நிறையப் பேருக்குத் தானாகவே சில வாரத்தில் இறங்கிவிடும். எந்த இலையை அரைத்துக் கொடுத்தாலும் அந்த இலைக்குப் பேர் வந்துவிடும். குடிக் காமாலை அப்படி இறங்காது.

சித்தர்வழி, திருவையாறு

சரி, குணமாக்காவிட்டாலும் கெடுதல் என்ன? இலைதானே.

வெண்ணாறு

சமையலுக்கு ஒரு கைப்பிடி கீரை என்றால் நான் வாயே திறக்கமாட்டேன். பிலிருபின் 18 இருக்கும் ஆளுக்கு, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணமும் பொட்டலமும் கொடுப்பதுதான் பயம். சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் ஊரே கஷாயம் வைத்துக் குடித்தது. அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களில் பலரே இந்த நிலையில் 'முதலில் மெடிக்கலுக்குப் போ' என்றுதான் அனுப்புகிறார்கள்.

கடைமடை

இலையா மாத்திரையா என்று சண்டை போடுகிறீர்களே, 2003-லிருந்து அரசாங்கமே கடை வைத்து விற்கிறதே, அதைப் பேச ஆளில்லை. எங்கள் பக்கம் தண்ணீர்தான் கடைசியில் வந்து சேரும், சரக்கு முதலில் வந்துவிடும். போதாததற்குக் காரைக்கால் எல்லை தாண்டினால் விலை குறைவு. வேலை முடிந்து பைக்கை எடுத்தால் போய்விட்டு வந்துவிடலாம். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அத்தனை பேர் செத்தார்களே, அப்பவும்...

நெறியாளர்

கடைமடை அண்ணா, நியாயமான கோபம், ஆனால் அதற்குத் தனி இழை ஓடுகிறது. ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிடலாம்: கள்ளக்குறிச்சியில் கொன்றது மெத்தனால். அது பார்வையையும் ரத்தத்தின் அமிலத்தன்மையையும் சில மணி நேரத்தில் தாக்கும் விஷம். இந்த இழையில் பேசுவது வருடக்கணக்கில் நல்ல பாட்டிலிலிருந்தே வரும் நோய். மற்றதை அங்கே பேசுவோம்.

நாகை சிஸ்டர்

வார்டில் வேலை பார்க்கிறவள். புது வைத்தியம் பற்றி டாக்டர் எழுதட்டும், நான் சாப்பாடு பற்றி எழுதுகிறேன். இந்த நோயாளிகளைப் பாதி கெடுப்பது வீட்டுப் பத்தியம்.

காமாலை என்றதும் எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது என்று ஆரம்பித்து, மோர் சாதமும் இளநீரும் மட்டும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே பல மாதமாகச் சோற்றுக்குப் பதில் குவார்ட்டரில் ஓடிய உடம்பு. வயிறு மட்டும்தான் பெரிசு, கை காலைப் பார்த்தால் குச்சி. கல்லீரல் மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 35 கலோரி, 1.2-லிருந்து 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆள் என்றால் தினமும் 2,100 கலோரி, 72-லிருந்து 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் வரும். அப்புறம் பாருங்கள், மோர் சாதத்தில் இது எங்கே வரும்? பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் செய்த ஆய்வில், கிலோவுக்கு 21.5 கலோரிகூட உள்ளே போகாதவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்.

இரவுச் சாப்பாடு இன்னொரு விஷயம். நல்ல கல்லீரல் வீட்டுக் குதிர் மாதிரி, பகலில் சேர்த்ததை ராத்திரி எடுத்துக் கொடுக்கும். கெட்ட கல்லீரலில் சேமிப்பே இருக்காது. ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் விடிவதற்குள் உடம்பு தன் சதையையே கரைத்து எரிக்கும். அதனால் படுக்கப் போகும்முன் ஏதாவது சாப்பிட்டே ஆகவேண்டும். இரண்டு இட்லி, சத்துமாவுக் கஞ்சி, பொட்டுக்கடலை உருண்டை, பாலும் வாழைப்பழமும், எது இறங்குகிறதோ அது. காலையில் எழுந்ததும் இன்னொன்று. காசு பிடிக்காத வைத்தியம், அதனால்தான் யாரும் மதிப்பதில்லை.

குறைக்க வேண்டியது உப்பு. வயிற்றில் நீர் இருந்தால் நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள். எங்கள் ஊரில் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, தெரியும். ஆனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் போயே ஆகவேண்டும். பச்சை மீன் குழம்பு தாராளமாக வைக்கலாம்.

ஒரத்தநாட்டான்

சிஸ்டர், புரதம் கொடுத்தால் மூளைக்கு ஏறிப் பிதற்றுவார்கள் என்று ஒரு டயட் பேப்பரில் போட்டிருந்ததே?

நாகை சிஸ்டர்

அது பழைய பாடம். இப்போது பிதற்றல் இருந்தாலும் புரதத்தைக் குறைப்பதில்லை. முட்டையும் கறியும் ஒத்துவராவிட்டால் பால், தயிர், பருப்பு என்று மாற்றுவார்கள். பிதற்றலுக்கு லாக்டுலோஸ் சிரப், ரிஃபாக்ஸிமின் மாத்திரை. சிரப் குடித்தால் வயிறு போகும், போகத்தான் கொடுப்பது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை போனால் சரியான அளவு. 'பேதி ஆகுது' என்று நீங்களாக நிறுத்தினால் மறுநாளே ஆள் பெயர் தெரியாமல் பேசுவார்.

வெண்ணாறு

சிஸ்டர் எழுதியதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இப்போது வாட்ஸாப் விஷயங்களுக்கு வருகிறேன்.

மலமாற்றம் வதந்தி இல்லை. டெல்லியில் ஐ.எல்.பி.எஸ். என்ற அரசு கல்லீரல் நிறுவனம் இருக்கிறது. ஸ்டீராய்டு கொடுக்க முடியாத 8 பேருக்கு இதைச் செய்து 2017-ல் எழுதினார்கள். பிறகு 120 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மலமாற்றம் செய்து 2023-ல் முடிவு சொன்னார்கள். 90-ஆம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் ஸ்டீராய்டில் 57 சதவீதம், மலமாற்றத்தில் 75. நல்ல ஆரோக்கியமான உறவினரின் மலத்தை எல்லா நோய்க்கும் சோதித்து, கரைத்து வடிகட்டி, மூக்குக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு ஏழு நாள் அனுப்புகிறார்கள். கேட்டால் முகம் சுளிக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. குடி, குடலின் கிருமிக் கூட்டத்தைக் கெடுத்து, குடல் சுவரையும் தளர்த்திவிடுகிறது. குடலிலிருந்து கசியும் நஞ்சு நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சியை மட்டும் அடக்கப் போன மருந்துகள் மண்ணைக் கவ்வின. இன்ஃபிளிக்ஸிமாப், எட்டனர்செப்ட் இரண்டிலும் தொற்றும் சாவும்தான் கூடின. அனாகின்ராவும் சாதாரண ஸ்டீராய்டிடம் தோற்றது. அதனால்தான் கவனம் குடல் பக்கம் திரும்பியது.

அப்படியானால் டெல்லிக்குப் போகலாமா? மலமாற்ற முடிவு ஒரே நிறுவனத்திலிருந்து வந்தது, இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும், வழக்கமான வைத்தியம் என்ற இடத்துக்கு அது வரவில்லை. சரியாகச் சோதிக்காத மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி பரவி அமெரிக்காவில் ஒருவர் இறந்ததாக 2019-ல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரித்தது. யாராவது தனியாக 'நாங்களும் செய்கிறோம்' என்றால் ஆய்வு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அமெரிக்க ஊசி என்றால் லார்சுகோஸ்டெரால் ஆக இருக்கும். 300 பேருக்கு மேல் சோதித்தார்கள். சாவு குறைகிற மாதிரி தெரிந்தது, ஆனால் ஆய்வு முன்கூட்டியே வைத்திருந்த இலக்கை எட்டவில்லை. இன்னும் ஒரு கட்ட ஆய்வில் தேறவேண்டும். கடைக்கு வரவில்லை, காசு கொடுத்தாலும் கிடைக்காது.

எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் ஆய்வுகள் நல்ல பலன் காட்டின. ஜெர்மனியில் கல்லீரல் செயலிழந்தவர்களிடம் பெரிதாகச் செய்தபோது பலன் இல்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று இன்னும் சண்டை ஓய்வதாக இல்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா முறையில் வேலூர் சி.எம்.சி.க்கு நல்ல அனுபவம் உண்டு, ஆனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இவற்றையெல்லாம்விட நம்மூரில் இன்றே கிடைக்கிற ஒன்று என்-அசிட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமால் விஷத்துக்குக் கொடுப்பார்களே, அதே மருந்து. பிரான்ஸில் 2011-ல் ஸ்டீராய்டோடு 5 நாள் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் மாதச் சாவு 24 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கியது. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. ஆனாலும் விலை குறைவு, பெரிய கெடுதல் இல்லை. உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மன்னார்குடி மலர்

கல்லீரல் மாற்றம் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். என் வீட்டுக்காரருக்கு என் கல்லீரலில் ஒரு பகுதி ஓடுகிறது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் 'ஆறு மாசம் குடிக்காம இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நிலைமையில் ஆறு வாரம் தாங்குவாரா என்றே சந்தேகம். மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கல்லீரல் டாக்டருக்கு முன்னால் மனநல டாக்டர்தான் எங்களை உட்கார வைத்துப் பேசினார். முன்னால் நிறுத்திப் பார்த்திருக்கிறாரா, வீட்டில் வேறு யார் குடிக்கிறார்கள், சேக்காளிகள் யார், வேலை இருக்கிறதா, நோய் குடியால்தான் வந்தது என்று இவர் வாயால் ஒப்புக்கொள்கிறாரா என்று பல நாள் கேட்டார்கள். மாமியார் இல்லாதபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'உங்களுக்கு இஷ்டமா, வற்புறுத்துகிறார்களா? இஷ்டமில்லை என்றால் மருத்துவக் காரணம் சொல்லி நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்' என்றார் அந்த அம்மா. அந்த ஒரு கேள்விக்காகவே நான் சரி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். கோபம் இன்னும் போகவில்லை. கொடுத்ததற்கு வருத்தமும் இல்லை. கொடுக்கிற கட்டிலில் எங்கே பார்த்தாலும் பொம்பளைகள்தான் படுத்திருந்தார்கள், அதையும் எழுதியே ஆகவேண்டும். என் கல்லீரல் வளர்ந்துவிட்டது என்று ஸ்கேனில் காட்டினார்கள், தையல் இழுக்கிறது. அவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. திடீர் திடீரென்று ரத்தம் எடுத்துக் குடித்தாரா என்று சோதிப்பார்கள். முந்தின வாரங்களில் குடித்திருந்தால்கூட அதில் தெரிந்துவிடுமாம். 'புது ஈரல்தானே, இனிமே ஒண்ணும் ஆகாது' என்று கல்யாண வீட்டில் கிளாஸ் நீட்டிய அவர் அண்ணனை நான் அன்றோடு வீட்டுப் படி ஏற விடவில்லை.

வெண்ணாறு

மலர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படிக்கச் சொல்லி என் நோயாளிகளின் வீட்டாரிடம் கொடுக்கப் போகிறேன்.

அந்த ஆறு மாத விதி பற்றி. நிறுத்தினால் கல்லீரல் தானே தேறலாம், ஆளின் உறுதியும் தெரியும் என்பதற்காக வைத்தது. சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப்போன நிலை உள்ளவருக்கு அதில் அர்த்தம் இருக்கிறது, சிலர் நிறுத்தியே தேறி, மாற்றமே தேவையில்லாமல் போயிருக்கிறார்கள். ஆனால் ஸ்டீராய்டும் கேட்காத தீவிர அழற்சிக்காரர்களுக்கு ஆறு மாதம் என்பது மரண தண்டனை. 2011-ல் பிரான்ஸ், பெல்ஜியம் குழு, கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்றியது. ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாற்றாத, அதே நிலையில் இருந்தவர்களில் 23 சதவீதம். அந்த 26 பேரில் மறுபடி குடித்தவர்கள் 3. அதற்குப் பிறகு காலண்டரைப் பார்ப்பது குறைந்து ஆளைப் பார்ப்பது கூடியிருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை, அக்காவின் முதல் ஆஸ்பத்திரியே சாட்சி.

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றம் உண்டு, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைப் பெற மாநில ஆணையத்தில் பதியவேண்டும், அதை ஆஸ்பத்திரியே செய்யும். வீட்டை அடகு வைக்கும்முன் காப்பீட்டு அலுவலரைப் பாருங்கள்.

நிறுத்தியவன், மயிலாடுதுறை

இவ்வளவு பேசினோம், ஆள் வீட்டுக்கு வந்து மறுபடி குடித்தால் எல்லாம் வீண். எனக்கும் வயிற்றில் நீர் வந்தது. ஒவ்வொரு தடவையும் நீரை எடுத்து, மாத்திரை கொடுத்து, 'இனிமே குடிக்காதீங்க' என்று சொல்லி அனுப்பினார்கள். குடிக்காமல் எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கல்லீரல் வார்டுக்கும் மனநலப் பிரிவுக்கும் நடுவில் ஒரு வராண்டாதான், ஆனால் என்னை அந்தப் பக்கம் அனுப்பியது மருந்துச் சீட்டு எழுத வந்த ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணு. குடி ஏக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை, கவுன்சலிங், அப்புறம் குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டம். கூட்டத்தில் கை தூக்கிப் பேர் சொல்ல வெட்கமாக இருந்தது. டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்தபோது வெட்கம் இல்லையே என்று ஒருத்தர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன்.

ஒரத்தநாடு தம்பி, மாமாவிடம் சத்தியம் வாங்காதீர்கள், கோயிலில் கயிறு கட்டிவிடாதீர்கள். சீட்டில் இரண்டாவதாக மனநல டாக்டர் பேர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெண்ணாறு

புது அணுகுமுறை எது என்று என்னைக் கேட்டால் இவர் எழுதியதைத்தான் சொல்வேன். கல்லீரலுக்கும் குடி நோய்க்கும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்தியம்.

பேக்லோஃபென் பற்றி: சிரோசிஸ் உள்ளவர்களிடமே சோதித்த மருந்து. 2007-ல் இத்தாலியில் 84 பேர், 12 வாரம். மருந்து வாங்கியவர்களில் 71 சதவீதம் குடியை விட்டிருந்தார்கள், வெறும் மாத்திரையில் 29. தூக்கமும் குழப்பமும் தரும் மருந்து, மூளைக் குழப்பம் உள்ளவருக்கு ஆகாது. பழைய டைசல்ஃபிராம், அதாவது குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரை, கல்லீரலையே கெடுக்கலாம் என்பதால் இவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. உயிரே போகலாம், செய்யாதீர்கள்.

சித்தப்பா சொன்ன இளைக்கும் ஊசி செமாகுளுடைட். 2025-ல் அமெரிக்காவில் 48 பேரிடம் செய்த சின்ன ஆய்வில், குடிக்கும் அளவும் ஏக்கமும் குறைந்தன. சுவாரஸ்யமான விஷயம். ஆனால் அவர்கள் கல்லீரல் கெட்டவர்கள் இல்லை. பசியைக் கொல்லும் ஊசியை, சிஸ்டர் சொன்ன குச்சிக் கை நோயாளிக்குப் போடுவதா? உடல் பருமனும் சர்க்கரையும் குடியும் சேர்ந்து ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நாளை இது உதவலாம். 2023-ல் அந்தக் கலப்பு வகைக்கே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரத்தநாட்டான்

நிலவரம் சொல்கிறேன். வயிற்று நீரில் கிருமி இருந்தது. ஸ்டீராய்டைத் தள்ளிவைத்து, ஆன்டிபயாடிக்கும் ஆல்புமின் என்ற புரதமும் போகிறது. காய்ச்சல் விட்டிருக்கிறது, பிலிருபின் இன்னும் இறங்கவில்லை. அத்தை கீழாநெல்லியை விட்டுவிட்டு இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுவருகிறார், வாட்ச்மேனோடு தினமும் தகராறு. மனநலப் பிரிவு டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிவிட்டேன். டெல்லி டிக்கெட் போடவில்லை.

எல்லைக்கோடு

நான் இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காரைக்கால் பக்கம் வேலை. மாஸ்டர் செக்கப்பில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' வந்தது. காமாலை இல்லை, வலி இல்லை. நாளுக்குக் குவார்ட்டருக்குக் குறையாது. எனக்கு என்ன புது மருந்து இருக்கிறது டாக்டர்?

வெண்ணாறு

உங்கள் கல்லீரலுக்கு மருந்தே வேண்டாம், அதுதான் நல்ல சேதி. குடியால் சேர்ந்த கொழுப்பு நிறுத்தினால் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். ஆனால் கொழுப்புக்குக் கீழே தழும்பு விழுந்திருக்கிறதா என்று சாதாரண ஸ்கேன் சரியாகச் சொல்லாது, ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். ஒன்று கேட்கவேண்டும், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா?

எல்லைக்கோடு

கொஞ்சம். ஒரு கட்டிங் போட்டால் நின்றுவிடும்.

வெண்ணாறு

அப்படியென்றால் வீட்டில் தனியாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும். நிறுத்தவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

நாகை சிஸ்டர்

மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் காலையிலேயே ஓ.பி. சீட்டு போடுங்கள் தம்பி, வீட்டிலிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'தினமும் குவார்ட்டர், காலையில் நடுக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தயாமின், அதாவது வைட்டமின் பி1 கொடுக்காமல் முதலில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், தயாமின் போட்டாச்சா என்று கேளுங்கள், நர்ஸ் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. போகும்முன் பேசவேண்டும் என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

எல்லைக்கோடு

திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். தங்கச்சி வருகிறாள்.